புறக்கடை அடுக்களைக்குச் சுங்கான்கடை மண் அடுப்பு: ஒரு மதிப்புரை

வீட்டின் பின்புறத்தில் சொந்த முயற்சியில் ஓர் அடுக்களை அமைக்க விரும்புவோர், மேடைக் கல்லையும் தொட்டியையும் விலை பேசுவதற்கு முன்பாக அடுப்பை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குச் செல்லும் சாலையில், மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சுங்கான்கடையில் வாங்கிய கொடியடுப்பை எங்கள் புறக்கடையில் பதித்து, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கடந்த பிறகே இம்மதிப்புரையை எழுதுகிறேன். குமரி மாவட்டத்தின் சமையலுக்கும் இங்கே எளிதில் கிடைக்கும் விறகுக்கும் இதைவிடப் பொருத்தமான அடுப்பை நான் கண்டதில்லை.

ஒரே தீயில் இரண்டு பாத்திரங்கள் ஏறுவதுதான் கொடியடுப்பின் சிறப்பு. முன்வாயில் மரச்சீனிக் கிழங்கு கொதித்துக் கொண்டிருக்கும்போது, உள்வழியாகக் கொடிக்கு, அதாவது இரண்டாவது வாய்க்குச் செல்லும் சூட்டில் சாளைக் கறி அடங்கி வெந்துவிடும். எரியும் கொள்ளிகளை வெளியே இழுத்த பிறகும் தடித்த மண்சுவர் நெடுநேரம் சூட்டை வைத்திருப்பதால், கறி வற்றுவதற்குத் தனியாக விறகு வேண்டியதில்லை. கொதும்பு (தென்னம்பாளை), கதம்பை (தேங்காய் மட்டை), சிரட்டை, காய்ந்த ஓலை மட்டை என்று தென்னந்தோப்பில் வீணாகும் அனைத்தும் இதில் எரியும். தீ பிடிக்கக் கொதும்பும், நின்று எரியச் சிரட்டையும் போதுமானவை. ரப்பர் விறகை நன்றாக உலர்த்தாமல் பயன்படுத்தினால் புகை தாங்க முடியாது.

கையால் செய்யப்படும் பொருள் என்பதால் ஓர் அடுப்பின் வாய் அளவு மற்றோர் அடுப்பில் இராது. எனவே அன்றாடம் பயன்படுத்தும் பாத்திரத்தைக் கையோடு எடுத்துச் சென்று, அது அடுப்பு வாயைச் சுற்றிப் பாத்திரத்தைத் தாங்கும் குமிழ்கள் மூன்றின் மீதும் ஆடாமல் அமர்கிறதா என்று வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். விரலால் தட்டும்போது தெளிவான ஒலி வராத அடுப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். முதலில் தேய்வதும் உடைவதும் குமிழ்களே. பெரிய உருளியும் அண்டாவும் ஏற்றுகிறவர்கள் அவற்றை நம்பாமல், கனமான இரும்பு முக்காலி ஒன்றை அடுப்பின் மேல் நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் பெருந்தீ மூட்டக் கூடாது. மண்ணுக்குள் தங்கியிருக்கும் ஈரம் ஆவியாகி விரைந்து வெளியேற முயல்வதால்தான் புதிய அடுப்புகள் வெடிக்கின்றன. சில நாட்கள் நிழலில் ஆறவிட்டு, பிறகு சிறுதீயில் தொடங்கிப் படிப்படியாகச் சூட்டை உயர்த்தினால் இந்தக் குறை வராது.

பதிக்கும் முறையில்தான் கொத்தனார்களோடு நாம் வாதிட வேண்டியிருக்கிறது. சிமெண்டுச் சாந்து தொடர்ந்து சூடேறும்போது பிணைப்பை இழந்து உதிரும் என்பதால், அடுப்பைச் சுற்றிச் செங்கல்லும் உமி கலந்த களிமண்ணும் மட்டுமே வர வேண்டும். கிரானைட், கடப்பா ஆகிய இரண்டும் நேரடித் தீச்சூட்டில் வெடிக்கக்கூடியவை ஆகையால் அவற்றை ஓர் அடியாவது தள்ளியே பதிக்க வேண்டும். உயரத்தையும் கவனிக்க வேண்டும். காய் நறுக்கும் மேடை 80 முதல் 85 செ.மீ. வரை இருக்கலாம். அதே உயரத்தில் விறகடுப்பையும் வைத்துவிட்டால், அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் சேர்ந்து, கிழங்கு வெந்த நீரை வடிப்பவரின் மார்புக்கு நேராகக் கொதிநீர் வந்துவிடும். ஆகவே அடுப்புத் திட்டு முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

இடத்தைத் திட்டமிடும்போது முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் காற்றின் வலிமைக்கு முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சான்று. அத்தகைய காற்றை நேர்கொள்ளும்படி அடுப்பின் வாய் இருந்தால் விறகு வீணாக எரிந்து பொறி பறக்கும். எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் புகையும் தீயும் சமைப்பவர் முகத்துக்கு வரும். வாயை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைத்து, மேற்கே ஐந்தடிச் சுவர் எழுப்பி, சுவருக்கும் கூரைக்கும் இடையே புகை வெளியேற இடைவெளி விடுவதே சிறந்த ஏற்பாடு. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் பிற்பகல் கடற்காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பருவமழைகளும் பெறும் மாவட்டம் இது; மண் அடுப்புக்கோ நனைவதே பெரும் பகை. பத்மநாபபுரம் அரண்மனையின் ஓட்டுக் கூரைகள் ஏன் அவ்வளவு சரிவாக இறங்குகின்றன என்பது ஆனி மாத மழையில் அங்கே நின்றால் விளங்கும். ஓட்டுச் சாய்ப்புக்குக் குறைந்தது 30 பாகைச் சரிவும், சாரல் உள்ளே வராதபடி இரண்டடிக்குக் குறையாத இறவாரமும் வேண்டும். இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் ஓடுகளையும் பனங்கைகளையும் (கூரைக்கான பனைமரச் சட்டங்கள்) தேடி வாங்கினால், செலவு குறைவதோடு நெருப்புக்கு அஞ்ச வேண்டிய ஞெகிழிக் கூரையையும் தவிர்க்கலாம். தென்னையின் அடியில் மட்டும் அடுக்களை அமைக்கக் கூடாது. தேங்காயும் மட்டையும் விழுவது ஒருபுறம், உலர்ந்த ஓலையில் பொறி பட்டால் அணைப்பது எளிதன்று.

எரிவாயு அடுப்பும் உடன் வேண்டும் என்பவர்கள், உருளையை விறகடுப்பிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி, நிமிர்த்தி வைக்க வேண்டும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடங்களிலும் கழிவுநீர்க் குழியிலும் தேங்கும்.

அழகிய எஃகு அலமாரிகளோடு விற்கப்படும் ஆயத்த வெளிப்புற அடுக்களைகளை நான் கடைகளில் பார்த்தேன். பரிந்துரைக்க மனம் வரவில்லை. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதிலும், 202 தரம் உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். தொட்டிக்கு 304 தரமும், கடலுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு மாலிப்டினம் கலந்த 316 தரமும் ஏற்றவை. காந்தத்தை வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. 202, 304 இரண்டிலுமே அது பெரும்பாலும் ஒட்டுவதில்லை. 202 தரத்தில் மிகுதியாக உள்ள மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவத்தில் ஒரு துளி விட்டுக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்கலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். மீன் கழுவிய நீரை வாழைக்குத் திருப்பிவிடலாம். தரைக்கு வழவழப்பான ஓடு வேண்டாம், சொரசொரப்பான கல்லே போதும்.

ஆயத்த அடுக்களைகளோடு ஒப்பிட்டால் மண் அடுப்பின் விலை மிகச் சிறியது. பொங்கலுக்கு முந்தைய நாட்களில் நெருக்கடி அதிகம். மழைக்காலத்தில் மண்பாண்டம் உலர்வது தாமதமாகும். எனவே மாசி, பங்குனி மாதங்களில் வாங்குவதே வசதியானது. கூரை போட வழியில்லாதவர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் கொடியடுப்பை வாங்கிப் பதிக்க வேண்டாம்; வேலை முடிந்ததும் தூக்கி உள்ளே வைத்துவிடக்கூடிய ஒற்றை மண் அடுப்பே அவர்களுக்குப் போதுமானது.