ஆசிரியர் முகம் பார்க்காத மாணவி: ‘விஸ்பரிங் காரிடர்ஸ்’

தென்கொரிய இயக்குநர் பார்க் கி-ஹியுங் 1998இல் எடுத்த ‘விஸ்பரிங் காரிடர்ஸ்’, பெரும்பகுதி ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குள்ளேயே நடந்து முடியும் சிறு முதலீட்டுப் பேய்ப்படம். பெரிய நட்சத்திரங்களோ கண்ணைப் பறிக்கும் வரைகலையோ இதில் இல்லை. பூட்டிய வகுப்பறை, இரவு நேரத் தாழ்வாரம், பழைய ஆண்டு மலர்கள் ஆகியவற்றைக் கொண்டே ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறது. கதையின் முடிச்சைச் சொல்லாமல் இப்படத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால், படம் பார்க்க நினைப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தவிர்த்துவிடலாம்.

மாணவிகள் ‘கிழட்டு நரி’ என்று பெயர் வைத்திருக்கும் ஆசிரியை, ஒருநாள் இரவு ஆண்டு மலர்களைப் புரட்டும்போது எதையோ கண்டு திடுக்கிட்டு, முன்னாள் மாணவியும் இப்போது அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்திருப்பவருமான உன்-யங்கைத் தொலைபேசியில் அழைக்கிறார். பேச்சு முடிவதற்குள் அவர் கொல்லப்படுகிறார். அவருடைய வகுப்புக்கு வரும் அடுத்த ஆசிரியருக்கு மாணவிகள் இட்டிருக்கும் பெயர் ‘வெறிநாய்’. அடிப்பதிலும் அவமானப்படுத்துவதிலும், நன்றாகப் படிக்கும் பெண்ணிடம் எல்லை மீறுவதிலும் அவர் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஜின்-ஜூ, வேறு வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் அந்த முடிச்சு. அவள் பேயாக வந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஒரே முகம் இத்தனை ஆண்டுகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதுதான் உறைத்தது. தரவரிசை எண்ணையும் மதிப்பெண்ணையும் மட்டுமே பார்க்கும் ஆசிரியர்களிடையே ஒரு பேய் ஒளிந்துகொள்ள வேறு மறைவிடமே தேவையில்லை. பழிவாங்க வந்தவளாக மட்டும் இல்லாமல், தோழிகளோடு பள்ளி வாழ்க்கையை ஒருமுறையேனும் நிம்மதியாக வாழ்ந்துவிட ஏங்குபவளாகவும் அவள் இருப்பதால், அச்சத்தோடு இரக்கமும் வருகிறது.

அச்சமூட்டும் காட்சிகளில் தாழ்வாரக் காட்சியே தலையாயது. நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் நிற்கும் உருவம், நடந்து வராமல், இரண்டு மூன்று வெட்டுகளிலேயே நம் முகத்துக்கு நேராக வந்துவிடுகிறது. செலவென்று பார்த்தால் படத்தொகுப்பாளரின் உழைப்பு மட்டும்தான். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் உயர்ந்த கூரையுள்ள பழைய பள்ளிக் கட்டடங்களில் படித்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. (மாடிப்படிக்குக் கீழே எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையும், அதைப் பற்றி ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குச் சொல்லும் கதையும் இல்லாத பள்ளி எங்கே இருக்கிறது?)

முதலிடத்தில் இருப்பவளையும் இரண்டாமிடத்தில் இருப்பவளையும் ஒப்பிட்டு ஒப்பிட்டே அவர்கள் நட்பை முறிக்கும் பகுதியும் நமக்கு மிக நெருக்கமானது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது; உடல்ரீதியான தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. ஆனால் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் டியூஷன் சென்டர் வாசலில் மதிப்பெண்ணோடு தொங்கும் பிளெக்ஸ் பேனர்களைப் பார்ப்பவர்கள், இந்தக் கொரியப் பள்ளியை வேற்று நாட்டுச் சங்கதியென்று தள்ளிவிட மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. ஒரே சீருடையில், ஏறத்தாழ ஒரே தலைமுடி அமைப்பில் வரும் பெண்களை முதல் அரைமணி நேரத்தில் அடையாளம் பிரிப்பது கடினம். நடுப்பகுதி தொய்கிறது. இறுதியில் எல்லாவற்றையும் கண்ணீரோடு விளக்கும் உரையாடலும், சுவரெங்கும் வழியும் இரத்தமும், அதுவரை காத்த அடக்கத்தைக் கெடுத்துவிடுகின்றன. தற்கொலையும் ஆசிரியரின் வன்முறையும் நேரடியாகவே காட்டப்படுவதால், பத்தாம் வகுப்புக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளோடு பார்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வரிசையில் 2021 வரை ஆறு படங்கள் வந்துள்ளன. கதைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பதால் எதிலிருந்தும் தொடங்கலாம். ஆயினும் இதைப் பார்த்த கையோடு 1999இல் வந்த ‘மெமெண்டோ மோரி’யையும் பார்ப்பது நல்லது. இரண்டு மாணவிகளின் காதலையும் ஒரு நாட்குறிப்பையும் சுற்றி அமைந்த அந்தப் படத்தில் அச்சம் குறைவு, துயரம் அதிகம்.