பன்னிரண்டு பேர் கடற்கரைக்கு: இரண்டு கார்களா, ஒரே வேனா?

எட்டுப் பெரியவர்கள், நான்கு குழந்தைகள், முந்நூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடற்கரை. கோடை விடுமுறையில் இப்படிக் கிளம்பும் குடும்பத்துக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஏழு இருக்கைக் கார்கள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். 15 இருக்கை வேனை வாடகைக்கு எடுத்து வீட்டில் ஒருவரே ஓட்டலாம். அதே அளவு வேனை ஓட்டுநருடன் அமர்த்தலாம். பெரும்பாலானோர் இருக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் தவறான வண்டி வாசலில் வந்து நிற்கும். முதலில் எடையைக் கூட்டுங்கள். அடுத்து, பயமில்லாமல் ஸ்டியரிங்கைக் கொடுக்கக்கூடியவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் மீதி விவாதம் தானாகக் குறைந்துவிடும்.

எடைக் கணக்கு

வண்டியின் மொத்த எடை வரம்பு பதிவுச் சான்றிலோ, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ இருக்கும். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால், ஆட்களுக்கும் பெட்டிகளுக்குமாக எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். (சில நாடுகளில் வெற்று எடைக்குள்ளேயே ஓட்டுநருக்கென 75 கிலோவைச் சேர்த்துவிடுவார்கள்; கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஏழு இருக்கைக் கார்கள் பலவற்றில் இந்த மிச்சம் 500 முதல் 600 கிலோ வரைதான். ஆளுக்கு 70 கிலோ என்று ஏழு பெரியவர்கள் ஏறினாலே 490 கிலோ. பெட்டி வைக்க இடமும் இல்லை, எடையும் இல்லை. மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் இரண்டு சின்னப் பெட்டிகள் நின்றால் அதிகம்.

அதனால் இரண்டு கார்கள் என்றால் ஆறும் ஆறுமாகப் பிரியுங்கள். ஏழும் ஐந்தும் வேண்டாம். ஒரு காரில் நான்கு பெரியவர்கள் 280 கிலோ, 25 கிலோ வீதம் இரண்டு குழந்தைகள் 50 கிலோ, ஆக 330. வரம்பு 550 என்று வைத்தால் மிச்சம் 220 கிலோ. ஆளுக்கு 12 கிலோ பெட்டி என்றால் 72, மூன்று லிட்டர் தண்ணீர் வீதம் 18, ஐஸோடு குளிர்பெட்டி 25, பாய், குடை, மிதவை வகையறா 20. மொத்தம் 135 கிலோ. நிம்மதியாக அடங்கும். மூன்றாம் வரிசையில் ஒரு இருக்கையை மட்டும் மடித்துவிட்டால் பெட்டிகளுக்கும் இடம் கிடைக்கும்.

இடம் போதவில்லை என்றதும் எல்லாருடைய கண்ணும் கூரைக்குப் போகும். கார் கூரை தாங்குவது மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ. மேலே பொருத்தும் கேரியரின் எடையும் அதற்குள்தான் அடக்கம். கூரைப் பெட்டி ஒன்றே 15, 20 கிலோ வரும். அங்கே காற்றிறக்கிய மிதவை, பாய், துண்டு மூட்டை போன்றவற்றை மட்டும் ஏற்றுங்கள். தண்ணீர்க் கேனைத் தூக்கி மேலே கட்டினால் வளைவில் வண்டி சாய்வதை உட்கார்ந்திருப்பவர்களே உணர்வார்கள்.

முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் அதே தகட்டில் தனி வரியில் இருக்கும். வழக்கமான அழுத்தத்தைவிட, குறிப்பாகப் பின்சக்கரங்களுக்கு, கூடுதலாக இருக்கும். அதை வண்டி ஓடுவதற்கு முன்பே, டயர் ஆறியிருக்கும்போது நிரப்ப வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். நடுவழியில் அளந்து பார்த்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது பெரிய தவறு. காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏறினால் பக்கச் சுவர் விடாமல் மடங்கி மடங்கிச் சூடாகும். கோடைச் சாலையில் டயர் வெடிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்; 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டு கடந்த டயர் என்றால், பட்டன் (தரையில் படும் கட்டைகள்) தேயாமல் நன்றாகத் தெரிந்தாலும், கிளம்பும் முன் ஒரு டயர்க்காரரிடம் காட்டிவிடுங்கள். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் அதன் மேல் பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வேக வரம்பு எழுதியிருக்கும்.

பின்புறம் பாரம் ஏறினால் முகப்பு விளக்கு மேல்நோக்கிப் போய் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சிறு சக்கரம் இருந்தால் அது இதற்காகத்தான். சுமை ஏறியதும் எண்ணைக் கூட்டி ஒளியைத் தாழ்த்துங்கள்.

நாமே ஓட்டும் பெரிய வேன்

எல்லாரும் ஒரே வண்டியில் சேர்ந்து போகிற மகிழ்ச்சிக்கு ஈடில்லைதான். எரிபொருளும் மிச்சமாகும். லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் தரும் கார் இரண்டு, 400 கிலோமீட்டருக்கு 64 லிட்டர் குடிக்கும்; 9 கிலோமீட்டர் தரும் வேன் சுமார் 44 லிட்டரில் முடிக்கும். சுங்கக் கட்டணமும் ஒரு வண்டிக்குத்தான்.

ஆனாலும் மூன்று வழிகளில் இதைத்தான் நாங்கள் கடைசியில் வைக்கிறோம். இந்த வண்டி காரைப்போல நடந்துகொள்ளாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் வெளியிட்ட எச்சரிக்கையில், வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகளை ஆராய்ந்து ஒரு முடிவைச் சொன்னது: 10 பேரோ அதற்கு மேலோ ஏறிய 15 இருக்கை வேன்கள் கவிழ்ந்த விகிதம், ஆள் குறைவாக ஏறியவற்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆள் ஏற ஏற ஈர்ப்பு மையம் மேலேயும் பின்னாலேயும் நகர்கிறது. கடைசி வரிசை பின் அச்சுக்கும் அப்பால் தொங்குகிறது. திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்து ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால், பின்பகுதி ஒரு பக்கம் வீசி, திருத்த முயலும்போது மறுபக்கம் வீசும். அதன் பிறகு வந்த மாடல்களில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு (வண்டி சறுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் வசதி) இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது அது உண்டா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் முன்வரிசைகளை முதலில் நிரப்புங்கள். கடைசி வரிசையை முடிந்தவரை காலியாக விடுங்கள். பெட்டிகளை இருக்கை மட்டத்துக்கு மேல் அடுக்காதீர்கள். கூரையில் ஒன்றுமே வேண்டாம். குளிர்பெட்டியை நடைவழியில் வைக்கும் பழக்கம் எல்லா வேனிலும் உண்டு. அவசரத்தில் பின்னால் இருப்பவர்கள் இறங்க முடியாமல் போவது அதனால்தான். 25 கிலோ பெட்டி சடன் பிரேக்கில் முன்னால் பாய்ந்தால் யார் காலில் விழும் என்றும் யோசியுங்கள். பட்டை போட்டு இருக்கைக் காலில் கட்டிவிடுங்கள்.

உரிமம் இன்னொரு முட்டுக்கட்டை. பல நாடுகளில் சாதாரணக் கார் உரிமம் ஓட்டுநரோடு ஒன்பது பேர் அமரும் வண்டி வரைக்கும்தான். உரிமம் பொருந்தாமல் ஓட்டினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். வாகன நிறுத்தக் கட்டடங்களில் உயர வரம்பு பல இடங்களில் 2.1 மீட்டர் அளவுதான். வேனின் உயரம் அதைத் தாண்டும்.

ஓட்டுநருடன் வேன்

வேன் அதேதான், ஆனால் தினமும் அதை ஓட்டிப் பழகியவர் கையில் இருக்கிறது. கவிழும் ஆபத்தின் இயற்பியல் மாறாது. அதனால் இருக்கை, பெட்டி ஏற்பாடு மேலே சொன்னபடியேதான்.

அமர்த்தும்போது ஏசி வண்டியா என்பதைத்தான் முதலில் கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, முந்தின இரவு ஓட்டுநர் எங்கே தூங்கினார் என்பது. கோடை சீசனில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு நேராக அடுத்த வாசலுக்கு வருபவர்கள் நிறைய. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்கிறது. சட்டம் எதுவானாலும் அளவுகோலாக இதை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு விசிறியும் கட்டிலும் உள்ள அறையை உங்கள் செலவில் எடுத்துக் கொடுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் படுத்தவர் மறுநாள் உங்கள் குழந்தைகளை வைத்து ஓட்டப்போகிறவர்.

அடுத்து பெல்ட். வேனை நேரில் போய்ப் பாருங்கள். புகைப்படத்தில் இது தெரியாது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் இருந்தால் குழந்தைகளுக்கான பூஸ்டர் இருக்கையை வைக்க முடியாது. அதற்குத் தோளையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் வேண்டும். குழந்தை இருக்கையை வண்டியின் சட்டத்தோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி வாடகை வேன்களில் அரிது. பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்சில் குழந்தை இருக்கையைப் பொருத்தவே கூடாது. கைக்குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு இது ஒன்றே முடிவை மாற்றிவிடும்.

கட்டணத்தில், கடற்கரையில் சும்மா நிற்கும் நாட்களுக்கும் வாடகையும் பேட்டாவும் ஏறும். நான்கு நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால், கொண்டு விட்டுவிட்டு, பிறகு வந்து அழைத்துப் போகும்படி பேசுங்கள். காலியாகத் திரும்பும் தூரத்துக்குப் பணம் கேட்பார்கள். நான்கு நாள் காத்திருப்புக் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்து எது குறைவோ அதை எடுங்கள்.

பதினெட்டு பேருக்கு மேல் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், மினி பஸ்தான். கடற்கரைச் சந்துகளில் அது நுழையாது, அவ்வளவே.

வழியில்

நள்ளிரவில் கிளம்பி விடியும்போது கடலைப் பார்க்கலாம் என்ற ஆசை மூன்று வழிக்கும் பொது. உடல் தூக்கத்துக்கு மிகவும் இழுப்பது இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. மதியம் இரண்டு முதல் நான்கு வரை இன்னொரு சரிவு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொக்கினால் வண்டி 75 மீட்டர் தானாக ஓடியிருக்கும். சீக்கிரம் படுத்து, நான்கரை ஐந்துக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் பெரும்பகுதி தூரம் முடியும். சொந்தக் கார்களில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். அதற்குக் காருக்கு இரண்டு பேர், மொத்தம் நான்கு ஓட்டுநர்கள் வேண்டும். இரண்டு பேர்தான் தேறுவார்கள் என்றால் இரண்டு கார் யோசனையை விட்டுவிடுங்கள்.

இரண்டு கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகவே போக முயல்வதுதான் ஆபத்து. முன்னால் போனவர் சிக்னலைத் தாண்டிவிட்டால் பின்னால் வருபவர் சிவப்பிலும் தாண்டப் பார்ப்பார். ஒன்றரை மணி நேரத் தூரத்துக்கு ஒரு இடம் என்று முன்பே குறித்து, அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். இடையில் யார் முன்னால் போனால் என்ன? ஒவ்வொரு காரிலும் தனித் தண்ணீர், முதலுதவிப் பை, வாந்திக்குப் பிளாஸ்டிக் பை, பணம் இருக்கட்டும். குழந்தை ஒரு காரிலும் பால்புட்டிப் பை இன்னொரு காரிலுமாகப் போய்விடுவது அடிக்கடி நடப்பது. கதவைச் சாத்தும் முன் ஒருவர் இதை மட்டும் சரிபார்க்கட்டும்.

வாந்தி வரும் குழந்தையை எந்த வண்டியிலும் பின் அச்சின் மேலோ அதற்குப் பின்னாலோ உட்காரவைக்காதீர்கள்; குதிப்பு அங்கேதான் அதிகம். இரண்டாம் வரிசையில், முன்னால் சாலை தெரியும்படி வையுங்கள். கையில் செல்போன் வேண்டாம். வேனில் ஒருவருக்காக நிறுத்தினால் பன்னிரண்டு பேரும் இறங்குவார்கள். கழிப்பறைக்கு மட்டும் என்று நின்றது அரை மணி நேரமாகிவிடும். காரில் அந்த ஆறு பேரோடு போயிற்று.

உணவு விஷயத்தில் இரண்டு கார்களுக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு. பானங்களை ஒரு குளிர்பெட்டியிலும், கெடக்கூடிய உணவை இன்னொன்றிலும் பிரித்து வெவ்வேறு காரில் வைக்கலாம். பானப் பெட்டியைத்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். உணவுப் பெட்டி மூடியே கிடந்தால் ஐஸ் நெடுநேரம் நிற்கும். உடைத்த ஐஸைவிடப் பாளமாக உறைய வைத்தது மெதுவாக உருகும். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கினால் உருகியதைக் குடிக்கவும் செய்யலாம். பால், முட்டை, இறைச்சி சேர்ந்தவை குளிருக்கு வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான்.

கடற்கரையில்

இங்கே வேன் பின்தங்கிவிடும். பாட்டிக்குத் தலை சுற்றினால் ஒருவர் மட்டும் காரில் அழைத்துப் போகலாம். வேன் என்றால் எல்லாருடைய நாளும் அதோடு நகர வேண்டும். அதனால், ஓட்டக்கூடியவர்கள் இரண்டு பேர்தான் உள்ள குடும்பத்துக்கு நாங்கள் சொல்லும் வழி: ஓட்டுநருடன் ஒரு வேன், கூடவே சொந்தக் கார் ஒன்று. ஓட்டும் இரண்டு பேரும் அந்தக் காரில் மாற்றிக்கொள்ளலாம். கைக்குழந்தையும் முதியவர்களும் காரில் வரட்டும். ஐசோஃபிக்ஸ் சிக்கலும் அங்கேயே தீரும்.

மணலில் வண்டியை இறக்காதீர்கள். பாரம் ஏற்றிய வேன் மெத்துமணலில் இறங்கினால் சக்கரம் சுழலச் சுழலப் புதையும். அச்சு மணலைத் தொட்டபின் தள்ளியும் பயனில்லை. வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் மணலில் நேர்ந்த சேதம் காப்பீட்டுக்குள் வராது. பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். காலையில் காய்ந்து கிடந்த இடம் மாலையில் அலைக்குள் இருக்கலாம்.

பட்டன் அழுத்தித் திறக்கும் சாவியை நீச்சல் கால்சட்டைப் பையில் மறந்து கடலில் இறங்குவது சர்வசாதாரணம். உப்பு நீர் பட்டால் உள்ளிருக்கும் சர்க்யூட் போய்விடும். மாற்றுச் சாவி வீட்டில் இருந்தால் வண்டி கரையில் நிற்க வேண்டியதுதான். இரண்டாவது சாவியைக் கொண்டுவந்து, கடலில் இறங்காதவர் ஒருவரிடம் கொடுங்கள். ஓட்டுநருடன் வந்த வேனில் இந்தக் கவலையே கிடையாது.

அடைத்த வண்டியில் யாரையும் தூங்கவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறும். கண்ணாடியைச் சற்று இறக்கிவிடுவதால் பெரிய பயன் இல்லை. இரண்டு வண்டிகளில் வந்த குடும்பத்தில், குழந்தை அந்த வண்டியில் வந்தவர்களோடு இருக்கும் என்று இரு தரப்பும் நினைத்துவிடுவது நடக்கக்கூடியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தலையை எண்ணி, பின்வரிசையைக் கையால் தடவிப் பார்த்துப் பூட்டுங்கள்.

திரும்பும் நாளை எப்போது வைக்கிறீர்கள் என்பதும் வண்டித் தேர்வோடு சேர்ந்தது. நாள் முழுக்க வெயிலிலும் அலையிலும் கிடந்துவிட்டு மாலையில் காரை எடுப்பவர், தாகத்தோடும் தூக்கத்தோடும் ஓட்டுகிறார். சொந்தக் கார்கள் என்றால் அன்றிரவும் தங்கி மறுநாள் விடியலில் கிளம்புங்கள்; ஒரு நாள் அறை வாடகையைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பகலில் நன்றாகத் தூங்கிய ஓட்டுநர் இருந்தால் வேன் அன்று மாலையே கிளம்பலாம். காரும் கூட வந்திருந்தால் அது மறுநாள் காலை தனியாக வரட்டும். ஊர் சேர்ந்த இரண்டொரு நாளில், சொந்தக் கார்களின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். பிரேக் பக்கம் ஒட்டிய உப்பு அங்கேயே இருந்தால் துரு பிடிக்கும்.