ஃபோர்ட் பழைய காசுக் கடை: வாங்கப் போகலாம், லாபத்துக்குப் போக வேண்டாம்

முதலில் கடையைப் பற்றி. மும்பை ஃபோர்ட் பகுதியில், விடி ஸ்டேஷனில் (இப்போது சிஎஸ்எம்டி) இறங்கி ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் நடக்கிற வழியில், பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்னக் கடை. குஜராத்தி சேட் ஒருவரும் அவர் மகனும் நடத்துகிறார்கள். பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அந்தப் பக்கம் நடைபாதையில் காசு பரப்பி உட்கார்ந்திருப்பவர்களிடம் விசாரித்தால் கை காட்டுவார்கள். கடைக்கு ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரை கொடுக்கிறேன். வாங்குகிற விலை, விற்கிற விலை இரண்டையும் முகத்துக்கு நேராகச் சொல்கிற கடை மும்பையில் நான் பார்த்த வரை இது ஒன்றுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே செம்பூரிலும் தாராவியிலும் நம் தமிழ் ஆட்களின் வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் ஒரு படம் சுற்றுகிறது: வைஷ்ணவி தேவி போட்ட ஐந்து ரூபாய்க் காசு உங்களிடம் இருக்கிறதா, பத்து லட்சம் கிடைக்கும், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிக் கட்டிவிட்டு, காசையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவிப்பு விட்டுவிட்டது: பழைய காசு, நோட்டு வாங்குவது விற்பதில் நாங்கள் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, எங்கள் பெயரில் கேட்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று. அந்த வைஷ்ணவி தேவி காசை சேட்டிடம் நீட்டினேன். டப்பாவைத் திறந்து அதே காசு நிறைய காட்டினார். விலை சில பத்து ரூபாய்தான்.

சரி, நிஜமாகவே பழைய காசு இருந்தால்? நான் போனது என் பெரிய மாமாவுக்காக. திருநெல்வேலியில் பாட்டி வைத்திருந்த வெள்ளி ரூபாய்கள், பெரும்பாலும் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை, ஒரு சுருக்குப்பை நிறைய. மாமா மனதில் ஒரு பெரிய தொகை ஓடிக்கொண்டிருந்தது. சேட் பையைக் கொட்டி, தராசைக் கூட எடுக்காமல், முதலில் மூன்று குவியலாகப் பிரித்தார். வளையம் பற்றவைத்து மாலையில் கோத்திருந்தவை ஒரு பக்கம். தேய்ந்தவை ஒரு பக்கம். எழுத்தும் கிரீடமும் தெளிவாக இருந்தவை ஒரு பக்கம், அந்தக் குவியல்தான் ரொம்பச் சின்னது. வளையம் வைத்ததற்கும் தேய்ந்ததற்கும் வெள்ளி விலை மட்டும்தான் என்றார்.

வெள்ளி விலை என்பதை நாமே போட்டுப் பார்க்கலாம், ஏமாறாமல் இருக்க இந்தக் கணக்கு ஒன்று போதும். பிரிட்டிஷ் ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது ஒரு காசுக்குள் ஏறக்குறைய 10.7 கிராம் வெள்ளி. அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் தரைவிலை, அதாவது வெள்ளிக்காக மட்டுமே கிடைக்கக்கூடிய அடிமட்ட விலை, வந்துவிடும். 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், ஆகவே ஆறாம் ஜார்ஜின் 1944 ரூபாயில் இருப்பது 5.8 கிராம்தான். 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே கிடையாது. மாமாவிடம் அதுவும் ஒன்று இருந்தது, அதைத்தான் சுதந்திர வருடக் காசு என்று தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார், பாவம்.

நூறு வருடம் பழையது என்றால் விலை கூடும் என்று எல்லோரும் நம்புகிறோம். வயதுக்கும் விலைக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை, எத்தனை அடித்தார்கள், இன்று எத்தனை நல்ல நிலையில் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் உலகப்போர் சமயத்தில் இங்கே வெள்ளி ரூபாய்க்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு, 20 கோடி அவுன்ஸ் அளவுக்கு வெள்ளியை இந்தியாவுக்காக விற்க வேண்டியிருந்தது. கோடி கோடியாக ரூபாய் அடித்துத் தள்ளிய அந்த வருடங்களின் காசுதான் இன்று நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பதில் பாதி. மாறாக, 1911 ரூபாயைப் பாருங்கள். மன்னரின் ஆடையில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, கொஞ்சம் வெளியே போன நிலையில் மீதியை உருக்கிவிட்டார்கள், 1912இல் வடிவம் மாறியது. ஒரே மன்னர், ஒரே எடை, ஆனால் 1911க்குப் பல மடங்கு விலை. 1939 ரூபாய் இன்னும் அரிது. அரிது என்பதாலேயே சந்தையில் போலியும் அதில்தான் ஏராளம்.

போலி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு, ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, அரை அணா என்று எழுதிய செப்புக் காசு எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, பிற்பாடு யாரோ செய்து விட்டவை. நடைபாதையில் அதற்கு ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள், காந்தம் இழுக்கும், அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் என்று கதை வேறு. சேட் கடையில் அது கிடையாது. விற்பதில்லை என்று கடையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார், எனக்கு அவர் மேல் மரியாதை வந்த இடம் அது.

இனி லாபக் கணக்கு. அவர் 1000 ரூபாய்க்கு விற்கிற காசை அதே நாளில் திருப்பிக் கொடுத்தால் 700க்கு எடுப்பார். அதை அவரே சொல்கிறார். வாடகை, மகன் சம்பளம், வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கிற சரக்கு என்று பார்த்தால் அது நியாயமான வித்தியாசம்தான். ஆனால் நம் பக்கம் என்ன அர்த்தம்? சந்தை விலை ஏறக்குறைய 43 சதவீதம் ஏறினால்தான் போட்ட முதலே திரும்பும், அதுவரை வட்டியும் இல்லை. ஏலத்துக்குப் போகலாமே என்றால், மும்பையிலேயே டோடிவாலா போன்ற ஏல நிறுவனங்கள் உண்டு, ஆனால் நம் வீட்டுச் சுருக்குப்பைச் சரக்கு அங்கே போகிற தரம் இல்லை, போனாலும் கமிஷன் உண்டு. நாணயசாலை விற்கிற நினைவு வெளியீடுகளும் இதே கதைதான். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய்க் காசு, நாட்டின் முதல் 1000 ரூபாய்க் காசு அது, தஞ்சாவூர்க்காரர்கள் ஆசையாக வாங்கி வைக்கலாம், நானும் அதை ரசிக்கிறேன். லாபத்துக்கு என்று பெட்டி பெட்டியாக வாங்குவது வேறு.

காசில் நிஜமாகச் சம்பாதிக்கிறவர்களை இந்தக் கடையிலேயே பார்த்தேன். ஒரு காசைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, தலைகீழாகத் திருப்பி, தாமரைக்குக் கீழே, மும்பை நாணயசாலையில் அடித்ததற்கு அடையாளமான புள்ளி இருக்கிறதா என்று தேடி, பத்து நிமிஷம் கழித்து வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்கு அது இருபது முப்பது வருடப் படிப்பு. சேட்டுக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிகிற அன்றைக்குத்தான் லாபம். அந்தப் படிப்பில் ஆசை இருக்கிறவர்கள் தாராளமாக இறங்கலாம், அதைவிட நல்ல பொழுதுபோக்கை நான் அறியேன். ராஜராஜன் பெயர் போட்ட செப்புக் காசு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்குள் உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடிகிறது! (நூறு வருடம் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ எடுத்துப் போக முடியாது, உறவினருக்குக் கொடுத்தனுப்பவும் வேண்டாம்.)

அரை நட்சத்திரம் எதற்குக் குறைத்தேன்? கேட்டால்தான் பில் தருகிறார். அப்புறம், காசைப் போட்டுத் தருகிற அந்த மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை, நாளடைவில் காசில் பச்சையாகப் படியும். நல்ல அட்டை ஹோல்டர் வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா கடைசியில் தெளிவாக இருந்த குவியலை வைத்துக்கொண்டு, தேய்ந்ததை மட்டும் கொடுத்தார். கிடைத்தது வெள்ளி விலைக்குக் கொஞ்சம் கீழே, நான் போட்ட கணக்குக்குப் பக்கத்தில்தான். கடை ஞாயிறு கிடையாது. முதல் தடவை போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிற ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், கண் கொஞ்சம் பழகும். முக்கியமாக, புளியோ பற்பசையோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டு போகாதீர்கள், தேய்த்த காசு என்று தெரிந்தால் நல்ல குவியலில் இருக்க வேண்டியதும் எடைக்குத்தான் போகும்.