மூடுபனி இரண்டு விதம்: ஃபான் குவானின் மலையும் தோஹாகுவின் பைன் மரங்களும்

மை ஓவியத்தில் மூடுபனிக்கு மை தேவையில்லை. பட்டுத் துணியையோ தாளையோ தொடாமல் விட்டுவிட்டு, ஓரங்களை நீர்த்த மையால் கரைத்தால் போதும். அந்த ஒரே உத்தி இரண்டு மேதைகளின் கையில் நேரெதிர் உணர்வைத் தருகிறது.

வட சோங் அரசமரபு காலச் சீனாவின் ஃபான் குவான், கி.பி. 1000-ஐ ஒட்டி வரைந்த ‘மலைகள், ஓடைகளினூடே பயணிகள்’ இன்று தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2 மீட்டரைத் தாண்டும் பட்டுச் சுருள். அதன் பெரும்பகுதியை ஒரே மலை அடைத்து நிற்க, கீழே வலது ஓரத்தில் பொதி சுமக்கும் விலங்குகள் எறும்பு அளவில் ஊர்கின்றன. பாறை முகம் முழுக்கத் தூரிகை நுனியால் குத்திக் குத்தி வைத்த சிறு கீற்றுகள். ‘மழைத்துளி’ என்றே அந்த முறைக்குப் பெயர். இவ்வளவு உழைப்புக்கு நடுவே மலையின் அடிவாரத்தை மட்டும் பனியில் மறைத்துவிட்டார். அடிவாரம் தெரியாததால் மலைக்கும் நமக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளக்க முடிவதில்லை. மலை நம் தலைமேல் வந்து நிற்கிறது. ஓவியரோ தன் பெயரைக்கூட இலைகளுக்குள் ஒளித்துவைத்தார். 1958-இல்தான் அது கண்ணில் பட்டது.

ஜப்பானின் ஹசேகாவா தோஹாகு (1539–1610) வரைந்த ‘பைன் மரங்கள்’ தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. தரையில் மடித்து நிறுத்தும், ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு தாள் திரைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம். தங்கத் தகடு பதித்த திரைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இவர் வெறும் மையோடு நின்றார். கியோத்தோவின் தைதோகுஜி மடத்தில் இருந்த சீனத் துறவி முச்சியின் ஓவியங்களிடம் ஈரக்காற்றை மையில் காட்டக் கற்றவர் அவர். இங்கே பனி மரங்களையே விழுங்குகிறது. கிட்டே போனால் ஊசியிலைகள் என்று எதுவும் இல்லை, வேகமாக இழுத்த முரட்டுக் கோடுகள்தாம். பல அடி பின்வாங்கினால்தான் அவை மரமாகி, ஈரக்காற்றில் அசைகின்றன.

ஃபான் குவானில் நடப்பதோ இதற்குத் தலைகீழ். நெருங்க நெருங்க இலை வகைகள், மரங்களுக்கிடையே கோயில் கூரைகள், வெள்ளை நூலாய் இறங்கும் அருவி என்று காட்சி பெருகிக்கொண்டே போகும்.

அமைதிக்குத் தோஹாகுவையே பலரும் சொல்வார்கள். நான் ஃபான் குவான் பக்கம். வெற்றிடம் அமைதி தருவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அங்குலம் விடாமல் நிரம்பிய ஒரு பாறை நம்மை வாயடைத்து நிற்கவைப்பது அதைவிட அரிது. மை பழகுபவர்களுக்கும் அவரையே பரிந்துரைப்பேன். தோஹாகுவைப் பார்த்து வரைபவர்கள் தாளை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், ஆனால் அந்த வெறுமையைத் தாங்கும் கோட்டின் வேகம் கைக்கு வருவதில்லை. கீற்று மேல் கீற்றாக ஒரு பாறையைக் கட்டிப் பழகிய கைக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

ஒன்றில் மட்டும் தோஹாகுவுக்கு ஈடில்லை: திரையின் மடிப்புகள். சில மரங்கள் நம்மை நோக்கி வருகின்றன, சில பின்னே சாய்கின்றன. தட்டையாக அச்சிட்ட படத்தில் இது முழுக்கத் தொலைந்துபோகும். திரையை மடித்து நிறுத்திய நிலையில் எடுத்த புகைப்படமாகத் தேடிப் பாருங்கள்.