டிவிக்குப் போன ஹால் டிக்கெட்: ஒரு வைஃபை பிரின்டருடன் நான்கு வருடங்கள்

2021 ஜூனில் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் நான் வாங்கிய முதல் பொருள் பிரின்டர்தான். மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு ஆன்லைனில் தொடங்கியிருந்தது. வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக வந்து குவிந்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடையோ திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 14,000 ரூபாய் சொச்சத்துக்கு ஓர் இங்க் டேங்க் மாடல். பிரின்ட், ஸ்கேன், காப்பி, வைஃபை எல்லாம் உண்டு. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. நான் பட்ட பாடு எந்தக் கம்பெனி பிரின்டரிலும் வரக்கூடியதுதான்.

மை விஷயத்தில் குறையே இல்லை. பாட்டிலைக் கவிழ்த்தால் தானாக இறங்குகிறது, கறுப்பு மட்டும் வருடத்துக்கு ஒன்று. பத்து நாள் சும்மா விட்டால் நீலம் கோடு கோடாக வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கலர் பக்கம் அடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மை அடைப்பை நீக்கும் ஹெட் கிளீனிங்கைத் தொட்டதற்கெல்லாம் ஓடவிடாதீர்கள், அது மையைக் குடிக்கும்.

தலைவலி கொடுத்தது வைஃபை. அதுவும் முதலில் கம்ப்யூட்டரில் மட்டும்.

2023 மே மாதம். மகளுக்கு நீட் தேர்வு, இரண்டே நாள் பாக்கி. ஹால் டிக்கெட்டை டவுன்லோட் செய்து பிரின்ட் கொடுத்தால் 'ஆஃப்லைன்' என்கிறது கம்ப்யூட்டர். பிரின்டரிலோ வைஃபை விளக்கு அசையாமல் எரிகிறது. நான் ஒன்றுக்கு நான்கு தடவை பிரின்ட் கொடுத்தேன். க்யூவில் நான்கும் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. "போன்ல இருந்து அடிச்சுப் பாருங்கப்பா" என்றாள் மகள். போனிலிருந்து கொடுத்ததும் சட்டென்று வந்துவிட்டது.

அன்றைக்குக் காரியம் முடிந்தது. ஆனால் போனில் வருவது கம்ப்யூட்டரில் ஏன் வரவில்லை என்பது மண்டையைக் குடைந்தது. பழுது பார்க்க வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "வைஃபை கார்டு போயிருச்சு சார், 4,500 ஆகும்" என்றார். வைஃபை கார்டு போயிருந்தால் போனிலிருந்து எப்படி சார் வரும் என்று கேட்டேன். பதில் இல்லை. விசிட்டிங் சார்ஜ் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு நானே உட்கார்ந்தேன். பிரின்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அடித்துத் தரும் வசதி இருக்கிறது. அதில் பிரின்டரின் ஐபி முகவரி (வீட்டு வைஃபையில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண்) 192.168.1.7 என்றிருந்தது. கம்ப்யூட்டரில் பிரின்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பிரின்ட் எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்று குறித்திருக்கும் போர்ட்ஸ் பகுதியைப் பார்த்தால் அங்கே 192.168.1.5. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் 5 யாரென்று தேடினேன். எங்கள் வீட்டு டிவி! இரண்டு நாளாக நீட் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லி டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது கம்ப்யூட்டர்.

நடந்தது இதுதான். வீட்டில் வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்கிறது. நிரந்தரமாக அல்ல, வாடகைக்கு. அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வந்தது. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்க, முந்திக்கொண்ட டிவிக்குப் பிரின்டரின் பழைய 5 கிடைத்துவிட்டது. போன் ஒவ்வொரு முறையும் 'பிரின்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று புதிதாகக் கூப்பிட்டுக் கேட்கிறது. கம்ப்யூட்டரோ முதல் நாள் எழுதி வைத்த முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

முதலில் க்யூவைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கேன்சல் கொடுத்தால் 'டெலீட்டிங்' என்று சொல்லிக்கொண்டு அப்படியே நின்றது. விண்டோஸின் சர்வீசஸ் பகுதியில், இந்த க்யூவைக் கவனித்துக்கொள்ளும் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தினேன். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று உள்ளே போய் அங்கே கிடந்த கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டேன். (போல்டரையே அழித்துவிடாதீர்கள்.) அடுத்து, போர்ட்ஸ் பகுதியிலேயே ஆட் போர்ட் கொடுத்து, ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, 7 என்று முடியும் முகவரியைப் போட்டேன். சோதனைப் பக்கம் வந்து விழுந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். முகவரி இனி மாறவே கூடாது என்று பிரின்டரின் மெனுவிலேயே 192.168.1.50 என்று நிரந்தரமாகப் போட்டுவைத்தேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. ஒரு வருடம் ஒழுங்காகப் போயிற்று. 2024இல் இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றினோம். புது ரவுட்டர் கொடுப்பதெல்லாம் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகள். பிரின்டர் பழைய தெருவிலேயே வீடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை போனிலும் வரவில்லை. ஆகவே பிரின்டரை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவிட்டு, அதன் மேக் அட்ரஸை (கருவிக்கென்றே கம்பெனி கொடுத்த அடையாள எண்) கொடுத்து ரவுட்டரில் முகவரியை ரிசர்வ் செய்வதுதான் உத்தமம். நான் இரண்டு தடவை அடிபட்டுத் தெரிந்துகொண்டது இது.

அதே புது ரவுட்டரில் இன்னொரு கூத்து. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை. என் பிரின்டருக்கு 2.4 மட்டும்தான் தெரியும், வாங்கும்போது பெட்டியில் பார்க்கத் தவறியது. 5 இல் இருக்கும் லேப்டாப்பிலிருந்து 2.4 இல் இருக்கும் பிரின்டருக்கு அனுப்ப முடியும், அதில் தடையில்லை. ஆனால் இன்டர்நெட் போட வந்த பையன் பிரின்டரை, விருந்தாளிகளுக்கென்று தனியாக இருக்கும் கெஸ்ட் வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருந்தான். கெஸ்டில் இருப்பது வீட்டுக்குள்ளே இருக்கும் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே சுவர் வைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை போயிற்று.

இதெல்லாம் சரியான பிறகும் எப்போதாவது ஆஃப்லைன் என்று காட்டியது. பிங் செய்தால், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து 'இருக்கிறாயா' என்று கூப்பிட்டுப் பார்த்தால், பிரின்டர் பதில் சொல்கிறது. அதே போர்ட்ஸ் பகுதியில் கன்ஃபிகர் போர்ட்டுக்குள் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்று ஒரு டிக் இருக்கும். கம்ப்யூட்டர் அந்த வழியாகத்தான் பிரின்டரின் நலம் விசாரிக்கிறது. பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடும். டிக்கை எடுத்தேன், அதற்கப்புறம் அந்தத் தொல்லை இல்லை. என் ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும், ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும்போது பிரின்ட் போகாது. விபிஎன்னை நிறுத்திவிட்டு அடிக்கிறேன்.

திரும்ப இதையே வாங்குவேனா? வாங்குவேன், ஆனால் லான் கேபிள் சொருகும் இடம் உள்ள மாடலாகப் பார்த்து. இப்போது பிரின்டர் மூடியின் மேல் அதன் ஐபி முகவரியை எழுதி செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். யூஎஸ்பி கேபிளும் டிராயரில் தயாராக இருக்கிறது. போன வாரம் மகள் கல்லூரியிலிருந்து வந்து ரெக்கார்டு நோட்டுக்கு நாற்பது பக்கம் அடித்தாள். நாற்பதும் வந்தன. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்ததற்கு வைஃபையைத் திட்ட முடியாது.