முதல் அக்ரகாரம் பிரேம் கடை: வேலை சுத்தம், டச்சப் மட்டும் வேண்டாம்

சேலத்தில் படத்துக்குப் பிரேம் போட நான் போவது முதல் அக்ரகாரம் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கடைக்கு. அப்பாவும் மகனும் நடத்துகிறார்கள். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்கள் படம், இவைதான் அங்கே பிழைப்பு. நான் கொண்டுபோனது இதில் எதிலும் சேராத ஆள்.

யூஜின் புல்லார்டு. போர் விமானம் ஓட்டிய முதல் கறுப்பின அமெரிக்கர். ஜார்ஜியாவில் பிறந்து, சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடி, கப்பலில் ஒளிந்து ஸ்காட்லாந்து போய் இறங்கி, குத்துச்சண்டை போட்டுப் பிழைத்தவர். 1914ல் முதல் உலகப் போர் வந்ததும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1916ல் வெர்டன் சண்டையில் பலத்த காயம். அதற்கு மேல் தரைப்படைக்கு ஆகாது என்றானதும் விமானம் ஓட்டக் கற்று, 1917 மே மாதம் லைசென்ஸ் வாங்கிவிட்டார். அமெரிக்கா போரில் இறங்கியபோது, பிரான்சுக்காகப் பறந்துகொண்டிருந்த தன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. உடல் தகுதியில் தேறியும் இவரை மட்டும் எடுக்கவில்லை. நிறம்தான் காரணம்.

நான் விமானப்படையில் இன்ஜின் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் பார்க்கிறேன். புல்லார்டும் கடைசிக் காலத்தில் நியூயார்க் ராக்பெல்லர் சென்டரில் லிஃப்ட் ஆபரேட்டர். 1959ல் பிரான்ஸ் செவாலியர் விருது கொடுத்த பிறகும் அதே வேலைதான். டிவி பேட்டிக்குக்கூட லிஃப்ட் யூனிபார்மிலேயே போனார். அவர் படம் என் வீட்டுச் சுவரில் இருக்க வேறு காரணம் வேண்டுமா?

சரி, கடைக்கு வருகிறேன். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பென்டிரைவில் கொடுத்திருந்தேன். பிரிண்ட்டைப் பார்த்ததும் திக்கென்றது. பையன் முகத்தை வெளுத்து வைத்திருக்கிறான்!

“எல்லாருக்குமே ரெண்டு பாயிண்ட் ஏத்தித்தான் குடுப்போம் சார். இல்லேன்னா வீட்ல சண்டைக்கு வருவாங்க.”

“அந்த ரெண்டு பாயிண்ட் இல்லாமத்தான் தம்பி இவரைப் பிளேன்ல ஏத்த மாட்டேன்னாங்க” என்றேன். பையன் ஒன்றும் பேசவில்லை. காசு வாங்காமல் வேறு பிரிண்ட் போட்டான். நீங்கள் போனால் முதலிலேயே ‘டச்சப் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

பெரியவர் வேறு மாதிரி. “ஆள் இருக்காருங்களா, தவறிட்டாருங்களா?” என்று கேட்டு, வழக்கம்போல ‘தோற்றம் 9.10.1895, மறைவு 12.10.1961’ என்று அடியில் போடச் சொன்னார். மாலை டிசைன் வேண்டாம் என்றேன். ஓரத்தில் குத்துவிளக்கு மட்டும் இருக்கட்டும் என்றார். 1954ல் பாரிஸில், பெயர் தெரியாத போர்வீரன் சமாதியில் தீபம் ஏற்றக் கூப்பிட்ட மூன்று பேரில் புல்லார்டும் ஒருவர். அதனால் விளக்குக்குத் தலையாட்டிவிட்டேன்.

பதவி என்ன போடுவது என்று பையன் கேட்டான். அமெரிக்க விமானப்படை இவருக்கு செகண்ட் லெப்டினன்ட் பதவி கொடுத்தது 1994ல், செத்து 33 வருடம் கழித்து. அதைப் போட எனக்கு மனசில்லை. ‘பிரெஞ்சு விமானி’ என்று மட்டும் போடச் சொன்னேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. நான்கு மூலையிலும் பீடிங் சட்டம் நகம் நுழையாத அளவுக்குச் சேர்ந்திருக்கிறது. பெரியவர் கண்ணாடியில் கட்டரால் ஒரே இழுப்பு இழுத்து, மேஜை விளிம்பில் வைத்து அழுத்துகிறார், பிசிறில்லாமல் உடைகிறது. பின்னால் ஹார்ட்போர்டு, சுற்றிலும் பிரவுன் டேப், கனத்துக்கு ஏற்ற கொக்கி. பிரிண்ட்டோடு 850 ரூபாய். சாதாக் கண்ணாடிதான் போட்டார்கள், டியூப் லைட் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. மேட் கண்ணாடி கேட்டால் போட்டுத் தருவார்கள், ஆனால் படம் கொஞ்சம் மங்கும்.

ஆடியில் போகாதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அம்மன் படம் வாங்க வருகிற கூட்டத்தில் உங்கள் வேலை தள்ளிக்கொண்டே போகும். வண்டி நிறுத்த இடமில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடப்பது உத்தமம்.