ஆன்லைன் தெரபி: ஒன்றரை வருடம், ஒரே எரிச்சல்

போன வாரம் நண்பன் கேட்டான்: "ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கியே, ஏதாவது பிரயோஜனம் இருக்கா? நானும் சேரலாமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். அதற்கு முந்தின நாள்தான் என் செஷன் நாசமாகப் போயிருந்தது. அந்தக் கோபம் இதிலும் இருக்கும், கொஞ்சம் கழித்துப் படியுங்கள்.

எனக்குப் பெரிய பிரச்சினை என்று எதுவும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும். மேலதிகாரி அனுப்பிய "சரி, பார்க்கலாம்" என்ற ஒற்றை வரி மெயிலுக்கு விடியும்வரை பொருள் தேடிக்கொண்டிருப்பேன். பிரிக்காத கடிதங்கள் மேசையில் சேர்ந்துகொண்டே போகும். அவ்வளவுதான். முதலில் கிடைத்த தெரபிஸ்ட் (மனநல ஆலோசகர்) ஒத்துவரவில்லை, மூன்று செஷனில் மாற்றிக்கொண்டேன் (மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவே ஒரு வாரம் கூச்சப்பட்டேன், அதற்கும் ஒரு தெரபி தேவைப்பட்டிருக்கும்). இப்போது இருப்பவரோடுதான் இந்த ஒன்றரை வருடம். வீடியோவில் 50 நிமிடம், முதலில் வாராவாரம், இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கிவைத்த சிபிடி முறைதான், நம் எண்ணங்களை நாமே சோதித்துப் பார்க்கப் பழக்கும் சிகிச்சை: மனதில் ஓடுவதை எழுது, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று பக்கத்திலேயே எழுது. நேரில் போனாலும் இதே தாள், இதே பேனாதான். செஷனுக்கு முன்னால் பிஹெச்கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும், கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27, எண் குறைந்தால் நல்லது. நான் 14-ல் ஆரம்பித்தேன், இப்போது 6. கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு பற்றியது. அதில் ஒருமுறை கை தவறி 1 போட்டுவிட்டேன். திரையில் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் அதைத்தான் கேட்டார். எப்போதும் செஷன் ஆரம்பத்தில் "இப்ப எங்க இருக்கீங்க?" என்பார், ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன், ஏதாவது ஆனால் உதவி எங்கே அனுப்புவது என்று தெரிவதற்காம்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். மௌனம்.

நேரில் ஒருவர் பேசாமல் இருந்தால் அவர் யோசிக்கிறார் என்று தெரியும், நாற்காலி கிரீச்சிடும், மூச்சு கேட்கும். இவர்களுடைய தொழிலில் பாதிக் கருவி அந்த மௌனம்தான், அவர் காத்திருந்தால்தான் நாம் அடுத்த வரியைச் சொல்வோம். வீடியோ காலில் பின்னணிச் சத்தத்தை நீக்குகிறேன் என்று மென்பொருள் அந்த மூச்சையும் சேர்த்து வழித்து எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி ஒரு சூனியம். ஆள் யோசிக்கிறாரா, லைன் போய்விட்டதா? "ஹலோ, கேக்குதா?" என்று நானே எத்தனை நல்ல மௌனத்தைக் கெடுத்திருக்கிறேன்!

பத்தாவது மாதம்தான் அவர் பக்கத்தில் அந்த வசதியை அணைக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் அறையில் ஒரு ஃபேன் ஓடுவதே தெரிந்தது. லேசாகத் தடதடக்கிற ஃபேன். இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி எது என்றால் அந்தத் தடதடப்பைத்தான் சொல்வேன். ஃபேன் கேட்டால் ஆள் இருக்கிறார். (இன்னொன்று, திரையில் உங்கள் முகம் தெரிகிற சின்னக் கட்டத்தை முதல் நாளே மறைத்துவிடுங்கள். தான் அழுவதைத் தானே பார்த்துக்கொண்டு யாராலும் அழ முடியாது.)

அப்புறம் போன வாரம். இரண்டு வருடமாக அண்ணனுக்கு ஏன் போன் செய்யவில்லை என்பதை முதல்முறையாகச் சொன்னேன். சொல்லி முடித்தேன், எதிரே அசைவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை. இருந்தும் யோசிக்கிறார் என்றே உட்கார்ந்திருந்தேன். படம் திடீரென்று குதித்து, "மன்னிக்கணும், நீங்க சொன்னது எதுவுமே கேக்கல, மறுபடி சொல்ல முடியுமா?" சொன்னேன். இரண்டாம் தடவை அது வரவு செலவுக் கணக்கு வாசிப்பது மாதிரி இருந்தது.

அவர் அதை விடவில்லை. "நான் பேசாம இருந்தப்ப என்ன நினைச்சீங்க?" என்றார். என்னைக் கேவலமாக நினைக்கிறார் என்று நினைத்திருந்தேன். "சரி, அதை எழுதுங்க, ஆதாரம் என்ன?" ஆதாரம், அறுந்துபோன வைஃபை. மூன்று மணி முழிப்பில் அந்த மெயிலை வைத்துக்கொண்டு நான் செய்வதும் அச்சு அசலாக இதேதான், ஒன்றரை வருடத்தில் இவ்வளவு தெளிவாக அது எனக்குப் பிடிபட்டதில்லை. பிடிபட்டதே என்பதுதான் கூடுதல் எரிச்சல், ஒரு மட்டமான இணைப்புக்கு நான் நன்றிக்கடன் பட வேண்டுமா?

நண்பனிடம் "நேர்ல போடா, இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். என் தெரபிஸ்ட் சனிக்கிழமைகளில் நேரிலும் பார்க்கிறார், கேட்டால் மாற்றித் தருவார். நான் இன்னும் கேட்கவில்லை. 15 மீட்டர் லேன் கேபிள் ஒன்று வாங்கி, ரூட்டரில் இருந்து கூடத்தின் குறுக்காக என் அறைவரை இழுத்து விட்டிருக்கிறேன், வீட்டில் எல்லோரும் தடுக்கிக்கொண்டே நடக்கிறார்கள்.